அண்ணாச்சிக்கு ஃபேட் எம்புட்டு?

எங்கள் சொசைட்டியில் பாலுக்கு ஃபேட் பார்க்கிறவர் ஐயாதுரை அண்ணாச்சி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பிளவக்கல் போகிற வழியில் இருக்கிறது ஊர். இங்கே கறக்கிற பாலில் பாதி பால்கோவா அடுப்புக்குத்தான் போகும். அதனால் கொழுப்பு குறைந்தால் அண்ணாச்சி விடமாட்டார். கேனைத் திறந்த மாத்திரத்தில், "என்னம்மா, குடிதண்ணி லாரி உங்க தொழுவத்துக்கா வந்துச்சு?" என்று கேட்டுவிடுவார். அவர் மேல் யாருக்கும் கோபம் வராது என்று சொன்னால் அது பச்சைப் பொய். வரும். ஆனாலும் அவர் சொன்ன அளவை ஒருத்தரும் மறுத்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் தன் உடம்புக் கொழுப்பை அளக்கத் தெரியாமல் திண்டாடினார் என்றால் சிரிப்பு வரத்தானே செய்யும்? நான் அந்த சொசைட்டி செயலாளர் சுந்தரபாண்டியன். சிரிப்பை அடக்கிப் பழக்கமில்லாதவன். ஆனால் விஷயம் சிரிக்கிற விஷயம் இல்லை.

அண்ணாச்சியின் தம்பி வினோத் ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தான். ஈரல் கெட்டுப் படுத்துவிட்டான். மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பான் என்று மதுரை டாக்டர் சொன்னார். "என்னோடதுல அறுத்து வைங்க" என்று அண்ணாச்சி முந்திக்கொண்டு நின்றார். ரத்தம் சேர்ந்தது. ஸ்கேனில்தான் இடித்தது. அண்ணாச்சி ஈரலிலேயே கொழுப்பு படிந்து கிடந்தது.

"குறைச்சுட்டு வாங்க, மறுபடி ஸ்கேன் பண்ணுவோம். ரெண்டு மாசம்தான். அதுக்கு மேல தம்பி தாங்க மாட்டார்" என்றார் டாக்டர். எடையோடு உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்றும் வீட்டிலேயே பார்த்துவரச் சொன்னார்.

அண்ணாச்சி பால்கோவாவை விட்டார், கறியை விட்டார், டீக்குச் சீனியை விட்டார். அவர் மனைவி பரிபூரணம் மதினி கொள்ளும் கீரையுமாகப் போட்டார். காலையும் மாலையும் கண்மாய்க் கரையில் வேர்க்க விறுவிறுக்க நடை. ஏறி நின்றால் சதவீதம் காட்டுகிற மிஷினை ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தது நான்தான். அங்கேதான் சனி பிடித்தது. ஒரு நாள் முப்பத்தொன்று காட்டும். மறுநாள் இருபத்தெட்டு என்று காட்டி ஆசை காட்டும். அடுத்த நாள் முப்பத்திரண்டு.

"வாயைக் கட்டி வயித்தைக் கட்டியும் ஏறுதே தம்பி. என் கொழுப்புதான் வினோத்தைக் கொல்லப் போகுதா?" என்று கேட்டார்.

ஒரு நாள் காலை சொசைட்டிச் சாவி வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி முற்றத்தில் கயிறு போட்டுக் குதித்துக்கொண்டிருந்தார். வேர்வை சொட்டச் சொட்ட நேராக வந்து மிஷினில் ஏறினார்.

"என்ன அண்ணாச்சி, ஏறப்போற நேரத்துல குதிக்கீங்க?"

"சாம்பிள் எடுக்கதுக்கு முன்னாடி கேனை நல்லாக் கலக்கணும்லா? இல்லாட்டி கொழுப்பு மேல ஏறி நின்னுக்கிடும். அளவு தப்பா வரும்."

எனக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. மதினி தலையில் அடித்துக்கொண்டார். "சரியாக் கலங்கலைன்னு நேத்து ஒரு செம்புத் தண்ணி குடிச்சிட்டு மறுபடி குதிச்சாரு தம்பி. இவருக்கு இவரே பால் கேன்!"

அங்கிருந்தே மதுரை ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்குச் சொல்கிற டயட்டீஷியன் அம்மாவுக்கு, அண்ணாச்சியும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போன் போட்டேன். அவரும் சிரித்துவிட்டுத்தான் பேசினார். "சார், அந்த மிஷின் உங்க பாதம் வழியா லேசாக் கரண்ட் விட்டுப் பார்க்குது. உடம்புல இருக்கிற தண்ணிதான் அந்தக் கரண்டைக் கடத்தும். குதிச்சாலும், வேர்த்தாலும், தண்ணி குடிச்சாலும் அளவு மாறும். காலையில எந்திரிச்சு, பாத்ரூம் போயிட்டு, எதுவும் குடிக்காம, காலைத் துடைச்சிட்டு ஏறுங்க. தினம் அதே நேரம், சமமான தரையில. அப்பவும் அது தோராயம்தான். ஒரு நாள் அளவைப் பார்த்துப் பயப்படாதீங்க, வாரத்துக்குச் சராசரி போட்டு ஏறுதா இறங்குதான்னு பாருங்க. இடுப்பையும் டேப்பால அளங்க. வயித்தை எக்கக் கூடாது!"

அண்ணாச்சி யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "ஒரு வேளைப் பாலை வச்சு மாட்டுக்கு விலை பேசக் கூடாதுங்கீங்க."

"அதேதான் சார்" என்றார் போனில் அந்த அம்மா.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! முதல் வாரச் சராசரி முப்பது. அடுத்த வாரம் இருபத்தொன்பதரை. டேப்பும் இறங்கியது. விஷயம் சொசைட்டியில் பரவாமல் இருக்குமா? பால் ஊற்ற வருகிறவர்கள் தங்கள் அளவைக் கேட்பதற்கு முன்பு, "அண்ணாச்சிக்கு ஃபேட் எம்புட்டு?" என்றுதான் கேட்டார்கள். பாலம்மாள், இவரிடம் அதிகமாகப் பாட்டு வாங்கியவள், "நம்ம பால்ல குறைஞ்சா ஏசுதாரு, இவருக்குக் குறைஞ்சா மிட்டாய் குடுக்காரு!" என்று கத்துவாள். வரிசையே சிரிக்கும். இருபத்தெட்டு என்று சொன்ன அன்றைக்கு ஒருத்தர் விசிலே அடித்தார். எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்காது, விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் நிற்பேன்.

ரெண்டு மாசம் முடிந்தது. அண்ணாச்சியும் மதினியும் ஸ்கேனுக்கு மதுரை போனார்கள். அன்று சொசைட்டியில் பாலுக்கு ஃபேட் பார்க்க நான் உட்கார்ந்தேன். கண்ணெல்லாம் போன் மேல்தான். போன் அடித்ததும் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

மதினிதான் பேசினார். "தம்பி, ஈரல்ல கொழுப்பு இறங்கிருச்சு! எடுத்துக்கிடலாம்னு சொல்லிட்டாக! அடுத்த வாரமே ஆபரேசன்!"

வரிசையில் ஒரே கூச்சல். யாரோ கேனைத் தட்டித் தாளம் போட்டார்கள். கேனிலிருந்து பால் கொட்டியதைக்கூட யாரும் பார்க்கவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை. போனில் பின்னால், அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வினோத்தின் குரல் ஈனஸ்வரத்தில் கேட்டது. கூச்சலை அடக்கிவிட்டு ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினேன்.

"அண்ணே, உன் வயித்தை அறுப்பாகளே. வலிக்குமேண்ணே."

"வலிச்சா வலிச்சிட்டுப் போகுதுலே" என்றார் அண்ணாச்சி. "நீ இருக்கணும்."