வெட்டி எடுத்த நாலு நாள்

கண்ணாயி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாறைமேல் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த தேன்மொழிக்கு அந்தப் பேச்சு ஒரு வார்த்தை விடாமல் இன்னும் நினைவிருக்கிறது.

“ஏனுங்க தம்பி, அந்த ஆளு போட்ட வீடியோவப் பாத்தீங்களா?”

“பாத்தேங்க்கா. மூணு லட்சம் பேர் பாத்திருக்காங்க. செம ரீச்சு!” என்றான் சதீஷ்குமார். சமூக வலைத்தளத்தில் வியாபாரம் செய்வது எப்படி என்று மலைப் பெண்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்துவிட்டு நாமக்கல்லுக்கு இறங்கிப் போனவன்.

“நான் மிளகுக்குச் சாயம் போடறேன்னு சொல்றானுங்க.”

“சொல்லட்டுங்க்கா. திட்டறவங்களும் நம்ம பேஜத் தேடித்தான வருவாங்க? நெகட்டிவ் கமெண்ட்டும் நமக்கு நல்லதுதான்.”

“ஏமாத்துக்காரின்னு சொன்னா நல்லதுங்களா?”

“அப்படி இல்லீங்க்கா. ரெண்டு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துருவாங்க. நீங்க பதில் மட்டும் போட்றாதீங்க. வேணும்னா ஒரு ஆஃபர் போட்டுப் பாப்போம்.”

“தம்பி, உங்க ஊட்டுச் சோத்துல விஷம் இருக்குதுன்னு ஒருத்தன் ரோட்டுல நின்னு கத்துனா, நீங்க ஆஃபர் போடுவீங்களா?”

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. “டென்ஷன் ஆகாதீங்க. மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேங்க்கா.”

அவன் அப்புறம் கூப்பிடவே இல்லை.

கண்ணாயிக்கு நாற்பத்து நாலு வயது. மலைமேல் குண்டனி நாட்டில் அவளுக்கும் அவள் புருஷன் சின்னராசுக்கும் ஒன்றரை ஏக்கர் நிலம். கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. முன்பெல்லாம் சேந்தமங்கலத்திலிருந்து வியாபாரி மாதேஸ்வரன் வேன் எடுத்துக்கொண்டு வருவார். ஒரு மிளகை எடுத்துக் கடிப்பார். “ஈரம்” என்பார். கல்லாகக் காய்ந்து கிடந்தாலும் ஈரம்தான். அதற்குமேல் அவர் சொன்னதுதான் விலை. பதினெட்டு வருடம் அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் காது புளித்துப்போய்த்தான் கண்ணாயி ‘கண்ணாயி மிளகு’ என்று சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்தாள். ஊரில் பதினோரு வீட்டுக்காரர்கள் அவளை நம்பி மிளகு கொடுத்தார்கள். இந்தப் பக்கம் கெட்டால் பன்னிரண்டு வீடும் மறுபடி வேனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

தேன்மொழி அதே ஊர்ப் பெண். கீழே ஹாஸ்டலில் தங்கி இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். இப்போது பக்கத்துப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்க மாட்டாள். ஆனால் படத்துக்குக் கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதுவது அவள்தான். வீடியோவை வெட்டி ஒட்டுவதும் அவள்தான்.

சதீஷ்குமாரின் வகுப்பு வாசலூர்பட்டியில் படகுத்துறைக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. “மூணு செகண்டுக்குள்ள கண்ணப் பிடிக்கணும். பதினஞ்சு செகண்டுக்கு மேல எவனும் பாக்க மாட்டான். போரடிக்கறத எல்லாம் தூக்கிருங்க,” என்றான். மறுநாள் படம் எடுக்க ஊருக்கே வந்தான். ஷூவோடு விறுவிறுவென்று பாறைமேல் ஏறினான்.

“சாமி, செருப்பு!” என்று கண்ணாயி ஓடிவந்தாள்.

வாய்க்குள் போகிற பொருள் காய்கிற பாறை அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அதில் செருப்போடு ஏறாது. அவன் சிரித்தான். ஷூவைக் கழற்றவில்லை. இறங்கி ஓரத்தில் நின்றுகொண்டு, எட்ட இருந்தே படம் பிடித்தான்.

மிளகைப் பறித்து உதிர்த்ததும் இங்கே அப்படியே காயப்போட மாட்டார்கள். மூங்கில் கூடையில் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுப்பார்கள். தூசு போகும், சீக்கிரம் காயும், நிறமும் ஒன்றுபோல் வரும். அடுத்தடுத்துப் பத்துக் கூடை முக்கினால் பானைத் தண்ணீர் கறுத்துவிடும். அதன் பிறகு நாலு நாள் பாறையில் வெயில். காலையில் விரிப்பது, மணிக்கொரு தரம் காலால் அளைந்து விடுவது, பனி இறங்குமுன் அள்ளுவது. பச்சை மெல்லப் பழுப்பாகி, சுருங்கி, நாலாம் நாள்தான் நல்ல கறுப்பாகும்.

தன் போனில் எடுத்து வைத்திருந்த அந்த நாலு நாளையும் தேன்மொழி வெட்டிவிட்டாள். பச்சை மிளகு, கொதிக்கிற பானை, கறுப்பு மிளகு. பதினான்கு செகண்டு.

கண்ணாயி பார்த்துவிட்டு உடனே கேட்டாள்: “நாலு நாளு எங்க கண்ணு?”

“அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்களாம் அத்தை.”

“பாக்கலைன்னா வெயிலு அடிக்கலைன்னு ஆயிருமா?” என்றாள் கண்ணாயி. படித்த பிள்ளைகளுக்குத் தெரியும் என்று அதோடு விட்டுவிட்டாள்.

வீடியோவைப் பக்கத்தில் போட்ட எட்டாம் நாள், சமையல் பொருட்களில் கலப்படம் கண்டுபிடிப்பதாகச் சொல்லிச் சேனல் நடத்தும் ஒருவன் அதே பதினான்கு செகண்டை எடுத்துப் போட்டான். பானையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். ‘பச்சையா உள்ள போகுது, கறுப்பா வெளிய வருது. சாயம் இல்லாம வேற என்ன?’ என்று ஒரு கேள்வி. போன் செய்து கேட்டானா? மலையேறி வந்து பார்த்தானா? கால் கிலோ வாங்கித் தண்ணீரில் ஊறப்போட்டாவது பார்த்தானா? ஒன்றும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பன்னிரண்டு வீட்டு உழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டான். அதைப் பார்த்து மூன்று லட்சம் பேர் தலையாட்டினார்கள். வந்திருந்த ஆர்டர் முக்கால்வாசி போயிற்று.

அந்த வாரம் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் மாதேஸ்வரன் எதிரே வந்தார். கண்ணாயியின் பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “என்னம்மா, பெயிண்ட் வாங்க வந்தியா?”

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“ஆமாங்க. உங்க தராசுக்கும் ஒரு கை அடிச்சு உடட்டுங்களா? பதினெட்டு வருசமா ஒரே பக்கம் சாயுது!” என்றாள் கண்ணாயி. இப்போது கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

கூட வந்திருந்த தேன்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் ஏறியதும், “வெட்டுனது நான்தான அத்தை. எம்மேல தப்பு,” என்றாள்.

“வெட்டுனது நீதான். வெட்டச் சொன்னவன் மீட்டிங்ல இருக்கறான். பொய் சொன்னவன் ஏசி ரூம்ல இருக்கறான். நீ மட்டும்தான் எங்கூட பஸ்ல வார,” என்றாள் கண்ணாயி. பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது.

மறுநாள் கண்ணாயி லைவ் போகச் சொன்னாள். பாறையில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கேயே மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிப் பானையை ஏற்றினாள். ஒவ்வொரு கூடையாக முக்கினாள். தண்ணீர் கறுத்ததும் ஒரு டம்ளரில் மொண்டு, ஆற்றி, போனைப் பார்த்தபடியே மடமடவென்று குடித்தாள். காரத்தில் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. “சாயத்தைக் குடிச்சிட்டேனுங்க. நாளைக்கும் உசுரோட வாரேன், வந்து பாருங்க,” என்றாள்.

நாற்பது நிமிடம் ஓடிய அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் அறுபத்து மூன்று பேர். பொய்க்கு மூன்று லட்சம், உண்மைக்கு அறுபத்து மூன்று! தேன்மொழிக்குப் போனைப் பாறையில் அறையலாம்போல் இருந்தது. கண்ணாயி அந்த எண்ணைப் பார்க்கவில்லை, மிளகைப் பரப்பப் போய்விட்டாள். அவள் சொன்னபடி அடுத்த நாலு நாளும் காலையிலும் மாலையிலும் தேன்மொழி பாறையைப் படம் பிடித்துப் போட்டாள். ஒரு செகண்டுகூட வெட்டவில்லை. வாங்குவதை விட்டுப்போனவர்களில் ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள்.

அந்தச் சேனல்காரன் இன்றுவரை தன் வீடியோவை எடுக்கவில்லை. தேன்மொழி அவனுக்கு இரண்டு மொழியிலும் எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை. அதை எழுதச் சொன்னவள் கண்ணாயி. நாலாம் நாள், காய்ந்த மிளகைச் சாக்கில் அள்ளிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

“அந்த ஆளுக்கு ஒரு கடுதாசி எழுது கண்ணு. தமிழு புரியாதுன்னு தப்பிச்சுக்குவான், இங்கிலீசுலயும் எழுது. கெட்ட வார்த்தை ஒண்ணும் வேண்டாம். இங்க வந்து பாக்கச் சொல்லு. நாலு நாளைக்குத் துணிமணி எடுத்துட்டு வரச் சொல்லு, சோறு நான் போடறேன். பாறைமேல ஏறறப்ப மட்டும் செருப்பக் கழட்டச் சொல்லு.”