பின் சீட்டில் மாமனார்

நியூ ஜெர்சி கோர்ட்டுகளில் தமிழ் இன்டர்பிரட்டராக இருபது வருடம் வேலை பார்த்தேன். வாயில் வந்த இங்கிலீஷைச் சொல்ல எனக்கே கசந்தது ஒருநாள்தான்.

குடித்துவிட்டுக் கார் ஓட்டிய வழக்கு, செல்வத்தின் மேல். ஈஸ்ட் பிரன்ஸ்விக்காரர், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். கார் இல்லையென்றால் அவருக்கு வேலையும் இல்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் நண்பர் வீட்டு பார்பெக்யூவில், கராஜுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பீர் குடித்திருக்கிறார். திரும்பும்போது ஸ்டாப் சைனில் சரியாக நிறுத்தவில்லை. போலீஸ் பிடித்தது. பக்கத்தில் மனைவி, பின் சீட்டில் ஊரிலிருந்து வந்திருந்த மாமனார்.

குடித்தீர்களா என்று ஆபீசர் கேட்டதற்கு, மாமனார் காதில் விழுமே என்று "நோ சார்" என்றார். வாசனை காட்டிக்கொடுத்தது. கீழே இறக்கினார்கள்.

அன்று ரோட்டில் போலீஸ் எடுத்த வீடியோவைக் கோர்ட்டில் போட்டார்கள். முதலில் பேனா டெஸ்ட். தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பேனாவைத் தொடர வேண்டும். இவர் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார். அடுத்து குதிகாலும் விரலும் ஒட்ட ஒரே கோட்டில் ஒன்பது அடி எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். ஆபீசர் சொல்லி முடிப்பதற்குள் கிளம்பிவிட்டார், அதுவும் தப்புக் கணக்கில் சேர்ந்தது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது முட்டியில் ஆபரேஷன் என்றார். உண்மைதான், ஆனால் ஒரு பொய் சொன்னவரை யார் நம்புவார்கள்? ஸ்டேஷனில் மெஷினில் ஊதவும் மறுத்துவிட்டார். நம்பர் வந்தால் மாமாவுக்குத் தெரிந்துவிடுமாம்! அப்படி மறுப்பதே இங்கே தனிக் குற்றம்.

மாப்பிள்ளை குடித்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல, செல்வத்தின் லாயர் மாமனாரைச் சாட்சியாகக் கூப்பிட்டார். அவருக்காகத்தான் நான் போயிருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல், காரில் மது வாசனை வந்ததா என்று கேட்டார். தமிழில் கேட்டேன். பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"சத்தியம் பண்ணிட்டேனேம்மா. வந்துச்சு. வண்டில ஏறினப்பவே தெரியும். மாப்பிள்ளை கூச்சப்படுவாரேன்னு கேக்கலை."

ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். செல்வம் தலையைக் குனிந்துகொண்டார்.

தீர்ப்பு எதிராக வந்தது. குடிக்கவில்லை என்று ஊதிக் காட்டினால்தான் கார் ஸ்டார்ட் ஆகும்படி ஒரு மெஷினை மாட்ட உத்தரவு. அவரை நர்ஸாக அனுப்பிவந்த ஏஜென்சி, அப்படிப்பட்ட காரில் நோயாளி வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று வேலையை விட்டு எடுத்துவிட்டது.

குடித்தால் சாவியைத் தொடாதீர்கள். குடித்தது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்தால் வாயைத் திறந்து கேளுங்கள். இதை எனக்குச் சொல்லித்தந்தது சட்டப் புத்தகம் அல்ல. அன்று கோர்ட் வராந்தாவில் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் பொண்ணுக்கும் லைசென்ஸ் இருக்கும்மா. நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவ ஓட்டிருப்பா."