பழுதில்லாத வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை

ஜெத்தாவில், ஷரஃபியா கடைத்தெருவில் ஒரு ஏசி ரிப்பேர் கடையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். ஏசி, ஃபிரிட்ஜ், டீப் ஃப்ரீசர் எது வந்தாலும் கழற்றிப் பார்க்காமல் திருப்பி அனுப்பியது கிடையாது. ஆனால் என்னுடைய இகாமாவில், அதாவது அந்த நாட்டில் தங்குவதற்கான அட்டையில், நான் ஏசி மெக்கானிக் இல்லை. வெறும் கூலியாள். ஊரில் விசா எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் கையில் எது கிடைத்ததோ அதை வாங்கிக் கொடுத்தார். நானும் வாயைத் திறந்து கேட்கவில்லை. அதனால் சம்பளம் குறையவில்லை. கடையில் மதிப்பும் குறையவில்லை. ஒன்றுதான் நடக்காது: கூலியாள் விசாவில் இருப்பவன் மனைவியை அழைத்து வந்து கூடவே வைத்துக்கொள்ள முடியாது.

மகள் வளரும் வரை இது பெரிதாகத் தெரியவில்லை. அவளுக்குக் கல்யாணமாகித் திருப்பூர் போன பிறகு, அறந்தாங்கிக்குப் பக்கத்தில் நான் கட்டிய வீட்டில் மனைவி தனியாக இருந்தாள். ஒரு நாள் ஃபோனில் சொன்னாள்:

"ஏங்க, கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க லீவுல வந்த நாளையெல்லாம் கூட்டிப் பாத்தேன்."

"எவ்வளவு வருது?"

"வேணாம். நீங்க கூட்டிப் பாக்காதீங்க."

அதற்குப் பிறகு கபீலிடம், அதாவது எனக்கு விசா கொடுத்து வைத்திருந்த கடை முதலாளியிடம், இகாமாவில் தொழிலை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். கேட்டேன் என்றால், அவருடைய காரில் ஏசிக்கு கேஸ் ஏற்றும்போது, குனிந்தபடியே இரண்டு வார்த்தை சொன்னேன். "இன்ஷா அல்லாஹ், நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். அந்த நாளை வரவே இல்லை. அவர் கெட்டவர் இல்லை. சம்பளம் ஒரு மாதமும் தள்ளிப்போனதில்லை. மாற்றுவதற்கு நாலு ஆபீஸ் அலைய வேண்டும், அவருக்கு சோம்பல், அவ்வளவுதான்.

அப்போதுதான் சட்டங்கள் ஒவ்வொன்றாக மாறின. அட்டையில் என்ன தொழில் இருக்கிறதோ அந்த வேலையைத்தான் செய்ய வேண்டும் என்றார்கள். படிப்பு, சம்பளம், கைவேலை இவற்றைப் பார்த்துத் தொழிலாளர்களைத் தரம் பிரிப்போம் என்றார்கள். ஏசி வேலை, கரண்டு வேலை செய்கிறவர்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் ஒன்று. முன்பெல்லாம் கபீல் கையெழுத்துப் போடாமல் ஒருவன் வேறு கம்பெனிக்கு நகர முடியாது. இப்போது ஒப்பந்தம் முடிந்தவனுக்குப் புதுக் கம்பெனி அழைப்பு அனுப்பினால், அது அவனுடைய ஃபோனுக்கே வரும். சம்மதம் என்று அவன்தான் தட்ட வேண்டும். வேறு யாரும் அவனுக்காகத் தட்ட முடியாது.

எனக்கும் ஒரு அழைப்பு வந்தது. மீனும் கோழியும் சேமித்து வைக்கும் ஒரு குளிர்கிடங்கு. அங்கே கம்ப்ரசர் பழுதானால் எங்கள் கடையிலிருந்து நான்தான் போவேன். "பரீட்சை பாஸ் பண்ணு, டெக்னீஷியனாக எடுத்துக்கொள்கிறோம், குடும்பத்துக்கு விசா போட நாங்களே உதவுகிறோம்" என்றார்கள்.

பரீட்சைக்கு நான் பயப்படவே இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனாலும் கேள்விகளை எங்கள் ரூமில் இருந்த ராமநாதபுரத்துத் தம்பி தினமும் படித்துச் சொல்லிப் பழக்கியிருந்தான். செய்து காட்டும் பரீட்சையில் குழாயைப் பற்றவைத்தேன், கசிவு பார்த்தேன், ஓட்டிக் காட்டினேன். பாதுகாப்புக் கண்ணாடி போட மறந்ததற்குக் கொஞ்சம் மார்க் போனது. அது நியாயம்தான். பாஸ் ஆகிவிட்டேன்.

மிச்சமிருந்தது கபீலிடம் சொல்வது ஒன்றுதான். ரூம் தம்பிக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

"பட்டனத் தட்டுங்கண்ணே. கிழவருக்கு மெசேஜ் போயிரும். ஃபோன ஆஃப் பண்ணிட்டு நம்ம பிரியாணி திங்கப் போவோம். கலாஸ், முடிஞ்சு போச்சு."

"அது சரியா வராதுடா. மூஞ்சிக்கு நேரா சொல்லணும்."

"யாரு, நீங்களா? ஓட்டல்ல ரெண்டாவது தடவ சாம்பார் கேக்கணும்னாலே என்னையத்தானே கேக்கச் சொல்லுவீங்க!"

அவன் சொன்னது உண்மை. ஆனாலும் பத்தொன்பது வருடம் சோறு போட்டவருக்கு ஃபோன் மணி அடித்துத் தெரியக் கூடாது என்று இருந்தது. மாதக் கடைசிக்குள் சம்மதம் தட்டாவிட்டால் அழைப்பு காலாவதியாகிவிடும். அதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் வெள்ளி தொழுகை முடிந்த நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "வா, வா. நல்ல நேரத்தில் வந்தாய். சமையலறை ஃப்ரீசரில் ஐஸே பிடிக்கவில்லை." டூல்பேக் காரணமில்லாமல் என் தோளில்தான் தொங்கியது. வெறுங்கையோடு எங்கேயும் போய்ப் பழக்கமில்லை. ஃப்ரீசரைச் சரிசெய்து, பேரீச்சம்பழம் சாப்பிட்டு, அவர்கள் காவா என்று சொல்லும் அரபிக் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இரண்டாம் வெள்ளி, மாடியில் அவருடைய மகன் அறை ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதைப் பார்க்கும்போது பக்கத்து அறை ஏசியிலும் சத்தம் கேட்டது. பழுது கண்ணில் பட்டுவிட்டால் என்னால் விட்டுவிட்டு வர முடியாது. இரண்டையும் முடித்துவிட்டுப் பால்கனியில் நின்று, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கீழே இறங்கினால் அவர் தூங்கப் போயிருந்தார்.

ரூமில் தம்பி வாசலிலேயே நின்றான். "என்னண்ணே, இன்னைக்கு எத்தன ஏசி?"

"ரெண்டு."

"சொன்னீங்களா?"

"அடுத்த வாரம்."

"அடுத்த வாரம் வாஷிங் மெஷினு. அதுக்கு அடுத்து அவரு ஒட்டகம். அண்ணி அங்கேயே கெடக்கட்டும்."

கடைசிச் சொல் சுருக்கென்று தைத்தது. மூன்றாம் வெள்ளி டூல்பேக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கிளம்பினேன். போய் உட்கார்ந்தால் கபீல் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லை, சொட்டில்லை. இருந்த பழுதையெல்லாம் நானே தீர்த்துவிட்டேன். எனக்கு ஒளிந்துகொள்ள அந்த வீட்டில் ஒரு மெஷின் கூட இல்லை.

எங்கள் பேச்சு எப்போதும் பாதி அரபி, பாதி இந்தி. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"பாபா, வேறு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. நான் போகப்போகிறேன்."

அவர் காவா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எவ்வளவு தருகிறான்? நான் தருகிறேன்."

"சம்பளத்தில் பிரச்சினை இல்லை பாபா. என் மனைவி இங்கே வர வேண்டும்."

"விசிட் விசாவுக்கு வழி பார்க்கிறேன்."

"வந்துவிட்டுத் திரும்பிப் போவதற்கு இல்லை. இருப்பதற்கு."

"நான் தொழிலை மாற்றித் தருவேன். நாளைக்கே."

"அந்த நாளைக்காக நான் ரொம்ப நாள் காத்திருந்தேன், பாபா."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். ஆனாலும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்றும் தெரியாமல் வந்தவனைத் தொழிலாளியாக்கியது யார், ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்து பார்த்தது யார் என்று எல்லாவற்றையும் சொன்னார். எதுவும் பொய் இல்லை. நான் எதையும் மறுக்கவில்லை. கடைசியில், "நோட்டீஸ் காலம் முழுக்க வேலை செய்ய வேண்டும். கோடைக்காலம். ஒரு நாள்கூட விடமாட்டேன்" என்றார்.

"செய்கிறேன். ஒரு நாளும் குறையாது."

"எங்கே, இங்கேயே தட்டு. வெளியே போய்த் திருடனைப் போலத் தட்டாதே."

என் விரல் ரேகை தேய்ந்துபோனது, ஃபோன் அடையாளம் காணாது. அவர் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொரு எண்ணாக அழுத்தித் திறந்து, சம்மதம் என்பதைத் தட்டினேன். மெத்தையில் கிடந்த அவருடைய ஃபோன் சத்தம் கொடுத்தது. அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை. எப்போதும் வாசல் வரை வருகிறவர் அன்று எழுந்திருக்கவும் இல்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் படியிறங்கும்போது, அந்த முடிவைப் பற்றி மனதில் ஒரு சந்தேகமும் இல்லை.

நோட்டீஸ் காலம் முடிந்து, புது இகாமா கைக்கு வந்தது. குளிர்கிடங்கு டெக்னீஷியன். கம்பெனி குடும்ப விசாவுக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கியது. நான் வீடு தேடினேன். வீட்டுக்காரர்களிடம் வாடகையைக் குறைத்துக் கேட்கவும் இப்போது வாய் வந்தது. பழைய கட்டிடம் ஒன்றில் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வீடு படிந்துவந்தது. ஏசி இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன், கம்ப்ரசர் நல்ல நிலையில் இருந்தது. எனக்குத் திருப்தி. மனைவிக்கு வீடியோவில் காட்டினேன்.

"ஏசி ரெண்டும் ஏ ஒன். குளுகுளுன்னு இருக்கும் பாரு."

"அத விடுங்க. அடுப்படியில ஜன்னல் இருக்கா?"

நான் பார்க்கவில்லை. ஃபோனோடு சமையலறைக்குள் போனேன். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் இருந்தது. நாலு பக்கமும் சுவர்.

"இல்ல. ஃபேன் இருக்கு. நல்ல ஃபேன்."

"நாள் பூரா அங்க நிக்கப்போறது நீங்களா நானா?"

"நீதான்."

"அப்ப வேற வீடு பாருங்க."

வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தே, "மாஃபி ஜன்னல், மாஃபி வீடு", ஜன்னல் இல்லை, அதனால் வீடும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.