அக்கா பெயரில் இருந்த ஃபோல்டர்

போன மாதம் இறந்துபோன அக்கா எடுத்த போட்டோக்கள் எல்லாம் அவளுடைய லேப்டாப்பில்தான் இருந்தன. அது திறக்கவே மறுத்தது. உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் என் தோழி எங்கள் வீட்டுக்கே வந்து, போட்டோ ஃபோல்டரை மட்டும் அழிக்காமல் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் பாதியில் நின்று, அனுமதி இல்லை என்றது.

"மொத்தமா அழிச்சிட்டுப் போட்டா அஞ்சு நிமிஷண்டி," என்றாள்.

"அழிச்சே, உன்ன கொன்னுடுவேன்."

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "ஃபோல்டரு உங்க அக்கா பேர்ல கீது. நீ கை வெக்கக் கூடாதுன்னு சொல்லுது."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, செத்தவகிட்ட போயி கேட்டுக்கினு வரச் சொல்லுதா அந்தப் பொட்டி?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சாவு விழுந்த வீட்டில் சிரிக்கலாமா என்று நினைக்க நினைக்க இன்னும் அதிகமானது. தோழி தரையில் உருண்டாள். சிரித்துக்கொண்டே ஒரு வரி கட்டளை அடித்து ஃபோல்டரை என் பெயருக்கு மாற்றினாள். இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை.

முதல் போட்டோவில் அம்மா வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள்.

"கய்தே, இதையா எடுத்து வெச்சிக்கினு இருந்தா!" என்று அம்மா என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். பிறகு என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அடுத்தது இன்னா கீது? காட்டு."