பழைய பாட்டில் முதலில்

அந்த மருந்துக் கிடங்கில் அவளுக்குப் பெயர் தேதியம்மா. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. எந்தப் பெட்டியைத் தொட்டாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பாள். புதுச் சரக்கு அடுக்கின் பின்னால் போக வேண்டும், பழையது முன்னால் வர வேண்டும், பழையதுதான் முதலில் வெளியே போக வேண்டும். யாராவது சோம்பல்பட்டு மாற்றி வைத்தால் போச்சு, அன்றைக்கு அவர் தொலைந்தார். "எங்க வீட்டுக்காரர மட்டும் உங்க கண்ணுல காட்ட மாட்டேன் தேதியம்மா, அவருக்குத் தேதி முடிஞ்சு ரொம்ப நாளாச்சு" என்று பில் போடுகிற பெண் கிண்டலடிப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குப் பிள்ளை மட்டும் தேதிக்கு வரவில்லை. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. கோழிக்குஞ்சு மாதிரி ஒரு பெண். மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுக்கும், களைத்துத் தூங்கிவிடும். தலைகீழாக நின்று பார்த்தும் மாரைப் பிடிக்கவில்லை. "பரவால்லம்மா, பம்ப் வச்சு எடுங்க. பாட்டில்ல குடிச்சாலும் அது உங்க பால்தானே" என்றாள் நர்ஸ். அந்த ஒரு வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தன் வயிற்றில் முழுசாக வைத்திருக்க முடியாத பிள்ளைக்குத் தன் பாலாவது முழுசாகப் போய்ச் சேரட்டும் என்பதுதான் அவளுக்கு எல்லாமே.

ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் எடுத்த சூட்டோடு நர்ஸ் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள், குழந்தையும் குடித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் தேதியம்மா கிடங்கையே சமையலறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஒவ்வொரு பாட்டிலிலும் சீட்டு, சீட்டில் தேதி, மணி. புதுப் பால் ஃப்ரிட்ஜில் பின்வரிசைக்குப் போகும். முன்வரிசையில் இருக்கிற பழைய பாட்டில்தான் குழந்தைக்கு. "பழசு முதல்ல. மாத்துனா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்று சொல்லிவைத்தாள்.

ஒருத்தி பாலையும் எடுத்துக்கொண்டு பிள்ளைக்கும் ஊட்ட முடியுமா? முடியாது. அதனால் அவள் அறைக்குள் பம்ப்போடு உட்கார்ந்துகொள்வாள், கூடத்தில் அவளுடைய அக்கா ஊட்டுவாள். அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள், இரண்டு பிள்ளைகளை வளர்த்த கை. சாயங்காலத்துக்கு மேல் கணவன். அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், பொறுமைசாலி, அதிர்ந்து பேச மாட்டான். இந்த இரண்டு பேரையும் அவள் நம்பினாள். அறையிலிருந்தே கத்துவாள், "குடிச்சாளா?" என்று. "சொட்டு விடாம குடிச்சா" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்காகத்தான் அவள் வலியைத் தாங்கினாள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. ஒரு வாரம் மார் கல்லாகக் கட்டிக் காய்ச்சல் அடித்தது. அன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டுத் தடவை எடுத்தாள்.

லீவு தீர்ந்து கிடங்குக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. அட்டைப்பெட்டி அறையில் நாற்காலி போட்டு, கதவுக்குக் குறுக்கே ஒரு பெட்டியைத் தள்ளிவைத்து எடுப்பாள். பில் போடுகிற பெண் வெளியே காவல் நிற்பாள்.

வேலைக்குத் திரும்பிய பத்தாம் நாள் காலையில் ஃப்ரிட்ஜில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு கதவைச் சாத்த முடியவில்லை. ஃப்ரிட்ஜை அணைத்து, இருந்த ஆறு பாட்டிலையும் ஐஸோடு நீலப் பையில் அடுக்கி மேடையில் வைத்தாள். அதே மாதிரி இன்னொரு நீலப் பைதான் அவள் கிடங்குக்கு எடுத்துப்போவது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் எதை எடுத்தாள் என்று பார்க்கவில்லை. பெட்டி பெட்டியாகத் தேதி பார்க்கிறவளுக்கு அன்றைக்குப் பை மாறிவிட்டது.

பதினோரு மணிக்குப் பையைத் திறந்தாள். ஆறு பாட்டிலும் உள்ளே இருந்தன. வீட்டில் ஒரு சொட்டு இல்லை. பிள்ளை பட்டினி! உடனே அக்காவுக்கு ஃபோன் போட்டாள்.

"அக்கா, பாப்பா அழறாளா?"

"ஏன் அழப்போறா? பத்து மணிக்குக் குடிச்சுட்டு ராணி மாதிரி தூங்கறா."

"என்ன குடிச்சா?"

"இது என்னடி கேள்வி? உன் பாலுதான். சொட்டு விடாம குடிச்சா."

தேதியம்மா பையிலிருந்து முதல் பாட்டிலை எடுத்துச் சீட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "எந்த பாட்டில்க்கா?"

"நேத்து காலைல எடுத்தது. பழசு முதல்ல. நீ சொன்னத மீறுவேனா?"

நேற்றுக் காலையில் எடுத்தது அவள் கையில் இருந்தது. சீட்டு, தேதி, மணி, எல்லாம் அவள் கையெழுத்து. பாட்டில் நிறையப் பால்.

சூப்பர்வைசரிடம் என்ன சொல்லிக் கிளம்பினாள், எந்த பஸ்ஸில் ஏறினாள், எதுவும் அவளுக்கு நினைவில்லை. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பையை மேசையில் வைத்துத் திறந்தாள். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. பரண்மேல் பழைய சூட்கேஸுக்குப் பின்னாலிருந்து பால் பவுடர் டின்னை அக்காவே எடுத்துவந்து வைத்தாள். பிறகு தேதியம்மாவின் கணவனுக்கு ஃபோன் போட்டாள். அவன் கிரீஸ் கையோடு ஓடிவந்தான்.

"எத்தனை நாளா?" என்றாள் தேதியம்மா.

"வீட்டுக்கு வந்த அஞ்சாம் நாள்லருந்து" என்றான் அவன். "உன் பால வாய்ல வச்சா துப்பறாம்மா. ஒரே சோப்பு வாசன. ரெண்டு நாள் பாத்தோம், எட கொறையுமோன்னு பயந்துட்டோம். உன்கிட்ட சொன்னா நீ ஒடஞ்சு போயிடுவ. எடுக்கறதுலயாவது உனக்கு நிம்மதி இருக்கட்டுமேன்னு…"

"அப்ப என் பால்?"

அக்கா பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தாள். ஒரு நொடிதான் பார்த்தாள், அது போதும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவள் அளந்து, சீட்டு ஒட்டி, மணி எழுதிக் கொடுத்தாள். இவர்கள் சாக்கடையில் ஊற்றினார்கள். ஐந்து வாரம்! அதுவாவது போகட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவளே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஊட்டியிருக்கிறாள். கணவன் பாட்டிலைச் சூடாக்கிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பான். அவள் சீட்டு ஒட்டிய பாட்டில், உள்ளே டின் பால். வெளுத்ததெல்லாம் பாலென்று அவளும் ஊட்டினாள். "பாருங்க, எப்படிக் குடிக்கறான்னு பாருங்க" என்று பூரித்துப்போய் அவனிடமே காட்டினாள். அவனும் சிரித்தான்.

"டின் பால் குடிச்சா பாவம்னு நான் சொன்னேனா?" என்று வெடித்தாள். "என் புள்ளைக்கு என் பால் புடிக்கலன்னா அத என்கிட்டதான சொல்லணும்? நான் உள்ள ரத்தம் வர எடுப்பேன், நீங்க ரெண்டு பேரும் வெளிய ஊத்துவீங்களா? கூடப் பொறந்தவளாக்கா நீ?"

"நல்லதுக்குத்தாண்டி…" என்று அக்கா அழுதாள்.

தேதியம்மா பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை இருந்தது. பொய் இல்லை. எடுத்தவுடன் மூடி வைத்துவிடுகிறவள், ஒருநாளும் மறுநாள் பாலை மோந்து பார்த்ததில்லை.

மார் கனத்து வலித்தது. அறைக்குப் போகவில்லை. அங்கேயே கூடத்தில், இரண்டு பேர் பார்க்க, பம்ப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழந்தை விழித்துச் சிணுங்கியது.

"அவ குடிக்க மாட்டாம்மா, பாவம், பசில இருக்கா" என்றான் கணவன்.

அவள் காதில் வாங்கவில்லை. எடுத்த சூட்டோடு, சீட்டு ஒட்டாமல், பாட்டிலை வாயில் வைத்தாள். குழந்தை ஒரு நொடி யோசித்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, கடைசிச் சொட்டுவரை குடித்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நர்ஸுக்கு ஃபோன் போட்டபோது அவள் சர்வசாதாரணமாகச் சொன்னாள், "சில பேர் பால் ஃப்ரிட்ஜுல வச்சா அப்படி வாசன வரும்மா. கெட்டதில்ல. எடுத்ததும் ஓரத்துல நுரை வர்ற வரைக்கும் லேசா சூடு காட்டி, உடனே ஆற வச்சு உள்ள வைங்க. அவ்ளோதான். முன்னாடியே கேட்டிருக்கலாமே?"

கேட்டிருக்கலாம். அவளிடம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். பழசு முதலில் என்ற தன் சட்டம்தான் புதுப் பாலைப் பின்வரிசையிலேயே வைத்திருந்தது என்பதும் உறைத்தது. அதற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் சட்டம் போட்டது அவள், பொய் சொன்னது அவர்கள். இரண்டையும் அவள் ஒன்றாகக் கலக்கவில்லை.

அன்றைக்கே பாலைச் சூடுகாட்டி ஆறவைத்தாள். மறுநாள் கிடங்குக்குப் போனாள். வேறு வழியில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அதே அக்காதான். வழக்கமாகப் பதினோரு மணிக்கு ஃபோன் செய்கிறவள் அன்று செய்யவில்லை. பதினொன்றேகாலுக்கு அக்காவே கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"குடிச்சாடி! உன் பாலுதான், சத்தியமா. சொட்டு விடாம குடிச்சா."

அது உண்மைதான். முகம் கோணாமல்தான் குழந்தை குடித்திருந்தது. ஐந்து வாரமாக இந்த ஒரு பதிலுக்காகத்தான் தேதியம்மா உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கேட்கும்போது நெஞ்சில் ஒன்றுமே ஏறவில்லை.

"சரிக்கா" என்றாள். "பாட்டிலக் கழுவாம வை. நான் வந்து மோந்து பாக்கணும்."