அந்த வரியை விட்டுவிட்டுச் செபித்தோம்

சென்ற ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பத்து நாற்பதுக்கு என் மகள் மெலனியின் இதயம் நின்றது.

அவளுக்குப் பதினாறு வயது. முதுகெலும்பு வளைவை நிமிர்த்தும் சத்திரசிகிச்சைக்காக ஒஸ்லோவில் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். சத்திரசிகிச்சையின் நடுவே, திறந்திருந்த எலும்பின் நாளங்கள் வழியாகக் காற்று புகுந்து இதயத்தை அடைத்துவிட்டது. இதயத்தைத் திரும்பத் துடிக்க வைத்துவிட்டார்கள். ஆனால் அதன்பின் இரத்தம் உறையவில்லை. வெட்டிய இடம் மட்டுமல்ல, ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் கசிகிறது என்று வெளியே வந்த மருத்துவர் சொன்னார்.

"பிழைப்பாளா?" என்று கேட்டேன்.

"இப்போது சொல்ல முடியாது" என்றார்.

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தாதியிடம் ஓடினேன். என் இரத்தத்தை எடுங்கள் என்றேன். முன்பின் தெரியாத மனிதர்கள் கொடுத்த இரத்தம் ஏற்கனவே ஏறிக்கொண்டிருக்கிறது, நீங்கள் இருங்கள் என்று அவர் என் கையை மெதுவாக இறக்கிவிட்டார். தகப்பன் நான். செய்வதற்கு எதுவுமே இருக்கவில்லை.

மனைவி ஜெயந்தி செபமாலையை எடுத்தாள். பரலோக மந்திரத்தைத் தொடங்கினோம். "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்ற வரியில் என் நாக்கு நின்றுவிட்டது. அவருடைய சித்தம் பிள்ளையை எடுத்துக்கொள்வதாக இருந்தால்?

"என்னப்பா, சொல்லுங்கோவன்."

"எனக்கு வாய் வரேல்லை. நீர் சொல்லும்."

அவள் செபமாலை மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஏலாது. அதை விட்டிட்டு மிச்சத்தைச் சொல்லுவம். அவர் கோவிச்சால் பிறகு பாப்பம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகையாய் முடிந்தது. நடுவில் ஓட்டை விழுந்த அந்தச் செபத்தையே திரும்பத் திரும்பச் சொன்னோம்.

உறவுகளே, இன்றும் மெலனி குளியலறையில் சற்றுத் தாமதித்தால் போய்க் கதவைத் தட்டுகிறேன். பயம் போகவில்லை. பயத்தோடும் ஆண்டவரிடம் போகலாம் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. முகம் தெரியாமல் இரத்தம் தந்தவர்களுக்காக ஒவ்வொரு நாளும் செபிக்கிறோம். உங்களுக்கும் ஒரு நாள் வாய் வராமல் போகலாம். வருகிற அளவைச் சொல்லுங்கள். அவர் கேட்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள் காலை அதே மருத்துவர் வந்தார். எங்கள் முன்னால் குந்தியிருந்து ஜெயந்தியின் கையைப் பிடித்தார்.

"கசிவு நின்றுவிட்டது. இரத்தம் தானாக உறைகிறது. கால்விரல்களை அசைக்கிறாள். செயற்கைச் சுவாசக் குழாயையும் எடுத்துவிட்டோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்பா சாப்பிட்டாரா என்று கேட்கிறாள். சாப்பிட்டீர்களா?"