ஒரே ஒரு முகம் பிடிக்கும் லென்ஸ்

கோபம் வந்தால் அதாவுல்லா யாரோடும் வாய் கொடுக்கமாட்டார். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றுவிடுவார். எதிரில் இருப்பவர் கத்தி ஓய்ந்த பிறகுதான் வெளியே வருவார். சரவணப் பொய்கைக் கரையில் பதினோரு வருஷம் படம் பிடித்த மனிதருக்கு இப்படி ஒரு வசதி இருந்தது. பக்கத்தில் தேங்காய், கற்பூரம் விற்றுக்கொண்டிருந்த எனக்கு அதுகூடக் கிடையாது; வந்தவர் திட்டுவதையெல்லாம் நின்று கேட்டாக வேண்டும்.

அவருக்குச் சொந்த ஊர் அரக்கோணம். அப்பா ரயில்வேயில் பிட்டர். இவரும் அங்கே நாலு வருஷம் அரம் பிடித்துவிட்டு, மேஸ்திரியோடு முறைத்துக்கொண்டு வெளியேறினார். யாரிடமோ ஒரு பழைய மரக் கேமராவை வாங்கி, அதைப் பிரித்து மாட்டியே தொழில் கற்றுக்கொண்டு, முப்பத்தெட்டாம் வருஷம் திருத்தணிக்கு வந்து கூரைக் கடை போட்டார். முருகனுக்கு முடி இறக்கிய குழந்தையைப் படம் எடுக்காமல் எந்தத் தகப்பனும் ஊர் திரும்பமாட்டான் என்பது அவர் கட்சி. அது சரியாகத்தான் இருந்தது, நாற்பத்தொன்றில் ஒரு குரங்கு வந்து கெடுக்கும்வரை.

மலையிலிருந்து இறங்கிவந்த குரங்கு கறுப்புத் துணியைப் பிடித்து இழுத்தது. முக்காலியோடு கேமரா விழுந்தது. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. லென்ஸ் மட்டும் மூன்று துண்டு. அது ஜெர்மன் கண்ணாடி. ஜெர்மனியோடு சண்டை நடக்கும்போது ஜெர்மன் கண்ணாடி எங்கிருந்து வரும்? மதராஸில் கடை கடையாக ஏறி இறங்கினார். "சண்டை முடியட்டும் பாய்" என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

கடைசியில் அரக்கோணத்தில் ஒரு காயலான் கடையில், தராசுத் தட்டுக்குப் பக்கத்தில், முழங்கை நீளத்தில் பாதி இருக்கும் ஒரு பித்தளைக் குழாய் கிடந்தது. இரண்டு முனையிலும் கண்ணாடி. பாதிரிமார்கள் ஊர் ஊராகப் போய், வெள்ளைத் துணியில் விளக்கு வெளிச்சம் பாய்ச்சிப் படம் காட்டுவார்களே, அந்தப் பெட்டியின் லென்ஸ் அது. படத்தை வெளியே தள்ளுவதற்குச் செய்த கண்ணாடி. அதையே திருப்பி வைத்தால் படத்தை உள்ளே இழுக்காதா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

தோன்றுவது சுலபம். கேமராவின் முன்பலகையில் இருந்த ஓட்டைக்குள் அந்தக் குழாய் நுழையவில்லை. தேக்குப் பலகை ஒன்றைப் புதிதாக அறுத்தார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி வளையம் செய்து குழாயைப் பிடிக்க வைத்தார். சந்தில் கம்பளித் துண்டு திணித்து, விளக்குப் புகைக்கரியைக் கோந்தில் குழைத்து உள்ளெல்லாம் பூசினார். கேமராவின் மடிப்புத் துருத்தியை முழுக்க இழுத்தாலும் படம் தெளியவில்லை. நாலு விரல் அகலத்துக்கு ஒரு மரக்கூடு அடித்து நடுவில் சேர்த்தார். பித்தானை அழுத்தித் திறக்கும் வசதியெல்லாம் அதில் இல்லை. மூடியைக் கையால் எடுத்து, மூன்று எண்ணி, திரும்ப மூட வேண்டும். இத்தனைக்கும் பதினெட்டு நாள் பிடித்தது.

முதல் படத்துக்கு நான்தான் நின்றேன். படம் விழும் தகட்டைக் கழுவி எடுத்துவந்து காட்டினார். என் மீசையில் ஒவ்வொரு மயிரையும் எண்ணலாம். ஆனால் எனக்கு இந்தப் பக்கம் இருந்த தேங்காய்க் குவியலும் அந்தப் பக்கம் நின்ற என் மச்சானும் கலங்கிய தண்ணீருக்குள் ஆடுகிற மாதிரி இருந்தார்கள். வளையம் கோணலாகிவிட்டது என்று நினைத்து மூன்று தடவை பிரித்து மாட்டினார். கோணல் ஒன்றும் இல்லை. அந்தக் கண்ணாடியின் குணமே அதுதான். நடுவில் இருப்பதை ஊசி முனையாகக் காட்டும், ஓரத்தைக் கரைத்துவிடும்.

தனி ஆள் வந்தால் பிரச்சினையே இல்லை. முடி இறக்க வருகிறவர்கள் தனியாகவா வருகிறார்கள்? பன்னிரண்டு பேர் வருவார்கள். அதாவுல்லா மறைக்கிற ஆள் இல்லை. "ஒர்த்தர் மூஞ்சிதான் தெளிவா வுழும். கூட இன்னொண்ணு ஒட்டிகினு இருந்தா அதுவும் வரும். யாருதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று முன்கூட்டியே கேட்டுவிடுவார். அதோடு பொய்கைக் கரையில் குடும்ப யுத்தம் தொடங்கும். சம்பந்திகள் முறைத்துக்கொள்வார்கள். ஒரு வீட்டில் மூத்த மாப்பிள்ளை படமே வேண்டாம் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். அதாவுல்லா துணிக்குள் இருப்பார்.

இது கட்டுப்படியாகாது என்று அவரே ஒரு வழக்கம் வைத்தார். யார் தூரம் போகிறார்களோ அவர்கள் நடுவில். பம்பாய்க்குப் பிழைக்கப் போகிறவர்கள், பட்டாளத்தில் சேருகிறவர்கள், கட்டிக்கொண்டு போகிற பெண்கள் என்று அப்போது தூரம் போகிறவர்களுக்குப் பஞ்சம் இல்லை. இதைச் சொன்னதும் சண்டை அடங்கிவிடும். வழக்கத்தைக் கண்டுபிடித்ததில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

நாற்பத்து மூன்று ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தறிக்கார வீட்டார் வந்தார்கள். குழந்தைக்கு முதல் மொட்டை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து முடி இறக்க வேண்டும் என்பதற்காகவே, பட்டாளத்தில் லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தான் மாமன்காரன் கோதண்டம். நாலு நாளில் பர்மா எல்லைக்குப் போக வேண்டியவன். குழந்தையின் அம்மா மணியம்மை அவனுக்கு ஒரே தங்கை. அம்மா அப்பா போன பிறகு அவன் வளர்த்தவள். கூட அவள் புருஷன் பெருமாளும் மாமனார் வேதாசலமும்.

அன்றைக்கு அதாவுல்லாவிடம் இருந்தது ஒரே ஒரு தகடு. அடுத்த பெட்டி எப்போது வரும் என்று மதராஸ்காரனுக்கே தெரியாது. வழக்கம்போலக் கேள்வியைக் கேட்டார். வேதாசலம் நேராகப் போய்ப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார்.

கோதண்டம், "மாமா, மணியம்மை உக்காரட்டும். நான் எடுத்துகினு போறதுக்குத்தான் படம். எனக்கு அவ மூஞ்சியும் கொழந்த மூஞ்சியும்தான் வேணும்" என்றான்.

மணியம்மை தலையை ஆட்டினாள். "என் மூஞ்சிய பார்த்து இன்னா பண்ணப்போற? நீ உக்காருண்ணா. நீ போயிட்டா நாங்க எதைப் பார்த்துகினு இருக்கிறது?"

அண்ணன் விடவில்லை. தங்கையும் விடவில்லை. அப்போதுதான் அதாவுல்லா நடுவே புகுந்தார். "அந்தம்மா சொல்றதுதான் சரிங்க. சண்டைக்குப் போறவர்தான் நடுவுல. இங்க எல்லார்க்கும் அதான் வழக்கம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். வேதாசலமே எழுந்து இடம் விட்டார். கோதண்டம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தான். மணியம்மை பெஞ்சின் கோடிக்குப் போனாள். குழந்தை காலை உதைத்துக்கொண்டே இருந்தது. அதாவுல்லா இரண்டு தடவை அதட்டினார். மூடியை எடுத்தார், மூன்று எண்ணினார், மூடினார். கோதண்டம் முகமும் குழந்தை முகமும் பளிச்சென்று வந்திருந்தன. ஆளுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுவருஷம் மாசியில் பொதட்டூர்பேட்டையில் வாந்திபேதி வந்தது. மணியம்மை இரண்டு நாள் படுத்தாள், மூன்றாம் நாள் இல்லை. செய்தி கோதண்டத்துக்குப் போய்ச் சேர மூன்று மாதம் ஆயிற்று.

அவன் திரும்பியது நாற்பத்தாறில். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஊருக்குப் போய்விட்டு அதாவுல்லா கடைக்கு வந்தான். நான் கற்பூரம் நிறுத்துக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. அவன் கொண்டுபோன படம் மழையில் ஊறிப் பூசணம் பூத்துவிட்டதாம். வீட்டில் இருக்கிற படத்தில் பையன் விரலை வைத்து, அம்மாவுக்கு ஏன் மூஞ்சி இல்லை என்று கேட்கிறானாம். நாலு வயசுப் பிள்ளை.

"தகடு வெச்சிருக்கீங்களா பாய்? அவ மூஞ்சிய மட்டும் எப்பிடியாவது கொண்ணாந்து குடுங்க."

தகடு இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கோடியில் ஒரு சேலை, அதற்குமேல் ஒரு மங்கலான வட்டம். "கண்ணாடி பார்க்காததைத் தகட்டுல நான் எங்க போய்த் தேடுவேன்" என்றார்.

"பென்சிலால போடுவீங்களாமே. அம்மைத் தழும்பையெல்லாம் எடுத்துடுவீங்கன்னு சொல்றாங்க."

அது உண்மைதான். தகட்டின்மேல் பென்சில் பிடிப்பதில் அவர் கை தேர்ந்தவர். சரி என்று உட்கார்ந்தார். "கண்ணு எப்பிடி இருக்கும், சொல்லுங்க."

கோதண்டம் கண்ணை விட்டுவிட்டு மூக்குக்குப் போனான். மூக்கு எங்கம்மா மூக்கு மாதிரி என்றான். அந்த அம்மாவை அதாவுல்லா எங்கே பார்த்தார்? நெற்றி அகலமா குறுகலா என்றால் தெரியவில்லை. தூக்கி வளர்த்தவனுக்கே இந்தக் கதி. "பெருமாளைக் கேட்டேன் பாய். எல்லாப் பொம்பளைங்க மாதிரியும்தான் இருந்தான்னு சொல்றாரு." அந்தப் பெருமாள் அதற்குள் இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தான். அவனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"எதுனா ஒரு மூஞ்சி போடுங்க. பையனுக்கு இன்னா தெரியப்போவுது" என்றான் கோதண்டம்.

அதாவுல்லா பென்சிலைக் கீழே வைத்தார். "போட்டா எங்கூட்டுப் பொம்பளை மூஞ்சிதான் வரும். எனக்குத் தெரிஞ்சது அதுதான்." பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்: "தப்பு என்னுதுங்க. அவங்களை உக்கார வெக்க நீங்க சொன்னீங்க. நான்தான் வழக்கம் பேசினேன்."

கோதண்டம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "நானும்தான் உக்காந்தேன் பாய். செத்துடுவேன்னு நெனைச்சித்தான் உக்காந்தேன். அவளும் அதான் நெனைச்சா."

துணிக்குள் ஒளிய அன்று அதாவுல்லாவுக்கு வழி இல்லை. கை சும்மா இருக்க முடியாமல் பூதக்கண்ணாடியை எடுத்துத் தகட்டின்மேல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக நகர்த்தினார். சேலை, முழங்கை, வளையல் எல்லாம் கலங்கல். திடீரென்று நிறுத்தினார். "இங்க வாங்க" என்று கூப்பிட்டார்.

குழந்தை உதைக்காமல் இருக்க அதன் கணுக்காலை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. கோடியிலிருந்து நீண்டு நடுவுக்கு வந்துவிட்ட கை. படம் எடுத்த அன்று எல்லாரும் முகங்களைத்தான் பார்த்தார்கள், அதாவுல்லா உள்பட. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, என் மீசையைப் பிடித்த மாதிரியே, ஒன்று விடாமல் பிடித்திருந்தது லென்ஸ். கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது.

தகட்டில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். கோதண்டத்துக்கு அது தடையாக இல்லை. "இது ராட்டையில மாட்டின வெரலு" என்றான். "அவளுக்கு ஏழு வயசு. ராட்டைய சுத்தினது நான். நகம் பேந்துடுச்சி. எங்கம்மா அடிக்கும்னு, கதவுல நசுக்கிகினேன்னு சொல்லிட்டா." சொல்லிக்கொண்டே அழுதான். அதாவுல்லாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்துக் கடையில் நானும்தான்.

கறுப்புக் காகிதத்தில் சதுரமாக ஓட்டை வெட்டி, கையும் குழந்தையின் காலும் மட்டும் விழும்படி ஒரு படம் போட்டுக் கொடுத்தார் அதாவுல்லா. உள்ளங்கை அளவுக்குத்தான் இருந்தது. காசு வேண்டாம் என்றார். ஈரம் காயும்வரை கோதண்டம் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பையனுக்கு மூஞ்சி வேணும்னு கேட்டா சொல்லுங்க, போட்டுத் தர்றேன்" என்றார் அதாவுல்லா. அவருக்கே மனசு கேட்கவில்லை. "இது போதுங்களா?"

"போதாது" என்றான் கோதண்டம். "ஆனா இது அவளுது. மூஞ்சி போட வேணாம்." படத்தைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, பொதட்டூர்பேட்டை பஸ்ஸைப் பிடிக்கப் போனான்.